ஏறவேண்டிய கோடு

ஹெப்னர், ஒஹாயோ
மார்ச் 29

அன்புத் தங்கை வாண்டாவுக்கு,

லைல் எழுதுகிறேன். நானும் உன் மகளும் சௌக்கியம். நீ கப்பல் ஏறியபோது இருந்த கை வெடிப்பு ஆறியதா என்று எழுது. ஃபோனில் பேசினால் மூன்றாம் நிமிஷமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், இனி கடிதம்தான் என்று நீ சொன்னது நல்ல யோசனை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா.

டெலா என் சமையலைப் பொறுத்துக்கொள்கிறாள். நேற்று முட்டை கருகிவிட்டது. "மாமா, இதையே அம்மா கப்பல்ல போட்டிருந்தா மாலுமிங்க அம்மாவைத் தூக்கித் தண்ணியில போட்டிருப்பாங்க" என்றாள். வாய் உன்னுடையதேதான்.

பள்ளி விஷயம் உனக்குத் தெரியும். கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு ஹெப்னரில் மிச்சமிருப்பது நான் தலைமையாசிரியராக இருக்கும் தொடக்கப்பள்ளி ஒன்றுதான். இரண்டு வருஷமாக மாநிலம் பள்ளிக்கு D கிரேடு போட்டிருக்கிறது. இந்த வருஷமும் D என்றால் செப்டம்பரில் கல்வி போர்டு கூடி, கிறிஸ்துமஸோடு பூட்டிவிடும். ஐந்து வயசுப் பிள்ளையெல்லாம் விடியுமுன் பஸ் ஏறி மலை தாண்டி, மாவட்டத்துக்கே பொதுவான கவுண்டிப் பள்ளிக்குப் போகவேண்டும்.

ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது. இதுவரை எத்தனை பேர் பாஸ் என்று மட்டுமே பார்த்தார்கள். இந்த வருஷம் முதல், ரொம்பக் கெட்டிக்காரர்கள் என்று பிரித்துவைத்த மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்குப் போட்டு அதையும் பள்ளியின் கிரேடில் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது கேள்வி இல்லை. போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறினார்கள் என்பதற்குத்தான் மார்க். எங்களிடம் அந்தப் பிள்ளைகள் ஒரு சாப்பாட்டு மேசைக்குத்தான் தேறுவார்கள். ஆகவே ஒவ்வொருத்தர் மார்க்கும் யானை பலம். அதில் முதல் ஆள் நம் டெலா.

இது கடைசி வாய்ப்பு என்று பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. பிஞ்சுகளைப் பயமுறுத்துவானேன்? ஏறவேண்டும் என்று மட்டும் சொல்லிவருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
லைல்


டுலூத் துறைமுகம்
ஏப்ரல் 10

அண்ணா,

இங்கே நான் நலம். கை ஆறிவிட்டது, ஆனால் கடல் மாதிரிக் கிடக்கும் இந்த ஏரியில் பனிக்கட்டி இன்னும் கரையவில்லை. கப்பல் முட்டி முட்டிப் போகிறது. அடுப்பில் வைத்த சூப் பாதி தரையில். நீயும் டெலாவும் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையாக எழுது. "சௌக்கியம்" என்று நீ அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எழுதினவன்.

பள்ளி பிழைக்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். நானும் அங்கே படித்தவள்தானே. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. போன வருஷம் டெலா ஒரே ஒரு கேள்வியைத்தான் தப்பாக எழுதினாள். அதற்கு மேல் ஏற இடம் எங்கே இருக்கிறது? இதை யோசித்தார்களா உன் மாநிலத்து மேதாவிகள்?

அவளை ரொம்ப விரட்டாதே. அவள் அழமாட்டாள், எதிர்த்துப் பேசமாட்டாள், ஜோக் அடித்துக்கொண்டே உள்ளுக்குள் வேகிற ஜாதி. மதியம் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாளா? இரவு தூங்குகிறாளா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கரை தெரியும்போது சிக்னல் கிடைத்தால் அவளைக் கூப்பிடுகிறேன். "ம்", "ம்ஹூம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எனக்கு மனசு சரியில்லை.

வாண்டா


ஹெப்னர்
ஏப்ரல் 25

அன்புள்ள வாண்டா,

எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்தது. நேரமே இல்லை, இரண்டு வரி எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்தது! டெலா எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "எப்படிடி?" என்றேன். "நான் நினைச்சபடியே எழுதினேன் மாமா" என்றாள். இதைவிட என்ன வேண்டும்? அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஊர்க்கூட்டத்தில் எல்லாப் பெற்றோரையும் நிற்கவைத்து, இந்தப் பள்ளியைப் பூட்ட விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கை தட்டினார்கள். பழைய தொழிற்சாலை ஆட்கள் சிலர் அழுதார்கள்.

நீ சுடும் ஆப்பிள் பலகாரத்தை நினைத்தால் நாக்கு ஊறுகிறது.

லைல்


ஹெப்னர்
மே 3

என் செல்ல அம்மாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். இது ரகசியக் கடிதம். மாமாவிடம் சொல்லாதே. ஸ்டாம்ப் என் சொந்தக் காசு.

மாமா எங்களைத் தினமும் மதியம் அவர் அறைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார், பரீட்சை முடியும் வரை. விளையாட்டு கிடையாது. சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு எழுதுவோம். மாமா சாப்பிடவே மாட்டார். "மாமா, நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டால், "நீங்க ஏறுங்க, என் வயிறு தானா நிறையும்" என்பார். நாங்கள் எழுதும்போது மேசையில் தலை வைத்துக்கொள்வார். எனக்குப் பயமாக இருக்கும்.

கரும்பலகையில் மாமா ஒரு படம் போட்டார். போன வருஷத்துக்கு ஒரு புள்ளி, இந்த வருஷத்துக்கு ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு. புள்ளிக்கு மார்க் இல்லை, கோட்டுக்குத்தான் மார்க். கோடு ஏறினால் பள்ளிக்கு நல்லது. மற்றவர்கள் கோடு எல்லாம் ஏறும். என் புள்ளி மட்டும் கூரையில் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் சரியாக எழுதினாலும் என் கோடு படுத்தேதான் கிடக்கும். மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்துவிட்டேன் அம்மா. ஏறுவதற்கு இடம் வேண்டும் என்றால் முதலில் இறங்கவேண்டும்! அதனால் இந்தப் பரீட்சையில் நிறையக் கேள்விகளுக்கு வேண்டுமென்றே தப்பான விடை போட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், கவலைப்படாதே. இந்த வருஷம் கோடு இறங்கும், கொஞ்சம் திட்டுவார்கள், பரவாயில்லை. அடுத்த வருஷம் எல்லாவற்றையும் சரியாக எழுதுவேன். என் கோடு ஏணி மாதிரி நிற்கும். மாநிலத்திலேயே இவ்வளவு பெரிய ஏற்றம் யாருக்கும் இருக்காது. அப்போது மாமாவுக்குச் சொல்வேன். எப்படி முழிப்பார் பார்!

என் இடது புருவத்தில் பாதி இல்லை. யோசிக்கும்போது பிடுங்கிவிடுகிறேன். யாரும் கவனிக்கவில்லை, முடி மறைக்கிறது.

ஆயிரம் முத்தம்.

டெலா


ஹ்யூரான் ஏரி
மே 20

அண்ணா,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? இங்கே வெயில் வந்துவிட்டது. மாலுமிகள் நான் சுட்ட ருபார்ப் தண்டுப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணம் பேசுகிறார்கள். ஐம்பது வயசுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

சும்மா ஒரு சந்தேகம். பரீட்சை அன்று ஒரு பிள்ளைக்கு உடம்போ மனசோ சரியில்லை என்று வைத்துக்கொள். திரும்ப எழுத விடுவார்களா? யாராவது கேட்டால் சொல்லலாமே என்றுதான்.

இன்னொன்று. டெலாவின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். முன்முடியை ஒதுக்கிவிட்டுப் பார்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கப்பல் ஆடுகிறது, கையெழுத்து சரியாக வரவில்லை.

வாண்டா


ஹெப்னர்
ஜூன் 2

வாண்டா,

சுகம். நீயும் சுகம் என்பதில் சந்தோஷம். அந்தக் கிழவர்களில் ஒருவர்கூடத் தேறமாட்டாரா?

திரும்ப எழுதுவது பற்றிக் கேட்டிருந்தாய். அன்று காய்ச்சல், வாந்தி என்று எழுதிக்கொடுத்தால் மே 22 வரை விட்டார்கள். அது முடிந்துவிட்டது. யார் கேட்கிறார்கள் இதை? உன் கப்பலில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளா வேலை செய்கிறார்கள்?

டெலாவைப் பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறை விட்டாச்சு, ஆற்றங்கரையே கதி என்று கிடக்கிறாள்.

ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் தோளில் தட்டுகிறார்கள். வாங்க வந்ததை மறந்துவிட்டுத் திரும்பிவருகிறேன்.

லைல்


ஹெப்னர்
ஜூலை 1

அன்புள்ள வாண்டா,

நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே நலமில்லை. முதல்முறையாக எழுதுகிறேன், குறித்துக்கொள்.

பூர்வாங்க மார்க் வந்துவிட்டது. பள்ளி மொத்தமும் நன்றாக எழுதியிருக்கிறது. மேசைப் பிள்ளைகள் எல்லாரும் ஏறியிருக்கிறார்கள். டெலா விழுந்துவிட்டாள். கொஞ்சமல்ல, கிணற்றில் விழுந்த மாதிரி. சின்னக் குழு என்பதால் அவள் ஒருத்தியே எல்லாரையும் கீழே இழுத்துவிட்டாள். மறுபடியும் D.

அவளை நான் திட்டவில்லை. சத்தியமாக. தேறாத கணக்கைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, கோவமா?" என்றாள். "இல்லடா குட்டி" என்றேன். "அடுத்த வருஷம் பாருங்க" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. ஜூலை 31க்குள் திருத்தம் அனுப்பலாம். டெலாவை மீத்திறன் பிள்ளை என்று சேர்த்ததே தவறு, அவளுக்கு அந்தத் திறன் இல்லை என்று தாய் சம்மதம் கொடுத்தால் அவள் மார்க் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். C வந்துவிடும். பள்ளி பிழைக்கும். அவளுக்கு நஷ்டம் உண்டு, மறைக்கமாட்டேன். இனி தனி வகுப்பு கிடையாது, கோடை முகாம் கிடையாது, நடுநிலைப் பள்ளிவரை 'திறன் இல்லை' என்ற அந்த வார்த்தை அவள் கூடவே போகும். ஆனால் அவள் கெட்டிக்காரி என்று நமக்குத் தெரியுமே வாண்டா. மாநிலத்துக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

உன் காலில் விழுகிறேன். சீக்கிரம் எழுது.

லைல்


ஹெப்னர்
ஜூலை 19

வாண்டா,

பதில் இல்லை. ஃபோன் எடுக்கவில்லை. கம்பெனியில் கேட்டால் கப்பல் சுப்பீரியர் துறைமுகத்தில் ரிப்பேருக்கு நிற்கிறது, கடிதமெல்லாம் டெட்ராய்டில், கப்பல்களுக்குத் தபால் சேர்க்கும் படகிடம் தேங்கியிருக்கிறது என்கிறார்கள்.

நீ போகும்போது டெலாவுக்கு நான்தான் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாய். அதை வைத்து நானே கையெழுத்துப் போடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளி ஆபீஸ் மிஸஸ் ப்ரூயிட் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். "போட்டுத் தொலைங்களேன் சார், ஊரே உங்களைத்தான் நம்பியிருக்கு" என்று நேற்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். டெலா பக்கத்தில் இருந்தாள்.

பேனாவை எடுப்பேன், வைப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. ஏதாவது சொல். திட்டவாவது திட்டு.

லைல்


டெட்ராய்ட் ஆறு
ஜூலை 24

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் இன்று, தபால் படகிலிருந்து கயிற்றில் இழுத்த ஒரே வாளியில் வந்தன. படகு பக்கத்தில் நிற்கும்போதே பிரித்துப் படித்துவிட்டேன். அது கிளம்புவதற்குள் எழுதுகிறேன், நலம் விசாரிக்க நேரமில்லை.

மாட்டேன். சம்மதிக்கமாட்டேன். நீயும் கையெழுத்துப் போடாதே. போட்டால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

அவள் விழவில்லை, லைல். அவளாக இறங்கினாள். உனக்காக இறங்கினாள். கூரையை முட்டிக்கொண்டிருந்தால் ஏற முடியாது என்று, இந்த வருஷம் வேண்டுமென்றே தப்பாக எழுதி, அடுத்த வருஷம் ஏணி மாதிரி ஏறிக் காட்டலாம் என்று திட்டம் போட்டாள். இன்னொரு வருஷம் இருக்கிறது என்று நினைத்தாள். இல்லை என்று அவளிடம் யார் சொன்னது? நீ சொன்னாயா? பிஞ்சைப் பயமுறுத்துவானேன் என்றாய். பள்ளியையே தலையில் தூக்கி வைத்தாய், கெடுவை மட்டும் மறைத்துவிட்டாய்.

எனக்கு மே மாதமே தெரியும். எழுதியிருந்தாள். சொன்னால் நீ அவளைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். இரண்டே நாள் மிச்சம் இருந்தபோது திரும்ப எழுதலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். நேராகக் கேட்டிருக்கவேண்டும். அந்தப் பாவம் என்னுடையது. உன்னை மட்டும் கூண்டில் ஏற்றவில்லை.

ஆனால், பத்து வயசில் இப்படி ஒரு கணக்கு யோசித்த பிள்ளையை, திறனில்லாதவள் என்று என் கையால் எழுதித் தரமாட்டேன். பள்ளி போனால் போகட்டும்.

படகுக்காரன் கத்துகிறான்.

வாண்டா


ஹெப்னர்
செப்டம்பர் 13

அன்புள்ள வாண்டா,

நீ எப்படி இருக்கிறாய்? இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதம் வந்த அன்று அவள் முன்முடியை ஒதுக்கிப் பார்த்தேன். வாண்டா, அந்தப் புருவமே இல்லை. எத்தனை மாதம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் நான்! அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டி, "ரகசியத்தை அம்மா சொல்லிட்டாளா? சரி விடுங்க மாமா, அடுத்த வருஷம் இன்னும் ஜோர்" என்றாள். அப்போதும் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முந்தாநாள் கிரேடு பேப்பரில் வந்துவிட்டது. D. போர்டு 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கூடுகிறது. ஓட்டெல்லாம் முடிவானதுதான், கூடுவது பேருக்கு. கிறிஸ்துமஸோடு சரி. வசந்தத்தில் டெலா ஏறப்போகும் அந்த ஏற்றம் முழுக்கக் கவுண்டிப் பள்ளிக் கணக்கில் போய்ச் சேரும். இதை நினைத்து நேற்று தனியாகச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, பயந்துபோனேன்.

கடையில் யாரும் இப்போது தோளில் தட்டுவதில்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்த க்ளெம் ஓட்டிஸ் மட்டும் கிட்ட வந்து, "வாக்குக் கொடுத்தியேப்பா" என்றார். திட்டக்கூட இல்லை.

டெலா பேப்பரும் பென்சிலுமாக என்னிடம் வந்தாள். தன்னால்தான் மூடுகிறார்களா என்று கேட்டாள். கூரை ஒழுகுகிறது, கொதிகலன் செத்துவிட்டது, அதனால்தான் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். சத்தமே இல்லாமல் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

முடிந்தால் கப்பல் சீசன் முடியும் முன்னே இறங்கி வா. எனக்காக இல்லை.

உன் அண்ணன்,
லைல்


ஹெப்னர்
செப்டம்பர் 14

என் செல்ல அம்மாவுக்கு,

நீ நலமா? நான் நலம். மாமா நலமில்லை. பள்ளியில் எல்லா வகுப்புக்கும் போய்ச் சிரித்துப் பேசுகிறார். வீட்டுக்கு வந்தால் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறார்.

பேப்பரில் எல்லாப் பள்ளிக் கணக்கும் போட்டிருந்தார்கள். எப்படிக் கூட்டுவது என்றும் போட்டிருந்தார்கள். நான் போட்டுப் பார்த்தேன். நான் ஒழுங்காக எழுதி, என் கோடு படுத்தே கிடந்திருந்தால்கூட நம் பள்ளிக்கு C வந்திருக்கும். மாமாவிடம் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "தப்பா போட்டிருக்கடா குட்டி. உன் மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கூரைதான் காரணம்" என்றார்.

நான் மறுபடி போட்டேன். வேறு மாதிரியும் போட்டேன். எப்படிப் போட்டாலும் அதே C தான் வருகிறது. ஆனால் மாமா பொய் சொல்லமாட்டார், கணக்கில் அவருக்குத் தப்பே வராது. அப்படியென்றால் நான்தான் தப்பு. இத்தனை தடவை போட்டும் எனக்கு எங்கே தப்பு என்றுகூடத் தெரியவில்லை.

அதிலிருந்து ஒன்று புரிந்தது அம்மா. நான் மீத்திறன் பிள்ளை இல்லை. தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். பரவாயில்லை, எனக்கு அழுகை வரவில்லை. இது நல்ல செய்திதான். நான் அந்தப் பிள்ளை இல்லை என்றால் என் மார்க்கை அந்தக் கணக்கில் சேர்த்ததே தப்பு. எடுத்துவிடலாம். பெற்ற தாய் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்கள் என்று மிஸஸ் ப்ரூயிட் அன்றைக்குச் சொன்னார்கள். இப்போது கேட்டால் நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் நீ நன்றாகக் கேட்டு எழுதினால் ஒத்துக்கொள்வார்கள்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் உட்கார்ந்து எழுது. டெலா பிராட்டனுக்குத் திறன் இல்லை என்று எழுதி, கீழே உன் முழுப்பெயர் போடு. தபால் படகு போய்விட்டால் கையசைத்து நிறுத்து. போர்டு கூட்டம் 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதற்குள் வந்துசேரவேண்டும்.

உனக்கு ஆயிரம் முத்தம்.

டெலா